உருளி பேசும் மொழி



மொழி வளர்க்கும் அவையில் மகிழுந்தின் உருளிக்கு என்ன வேலை என்று கேட்போர் கேட்கட்டும். இம்மண்ணுக்கும் உருளிக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. தருமபுரி என இன்று வழங்கும் ஊர் பண்டு தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியின் போராற்றலைப் பகைவர்க்கு எடுத்துரைத்த ஔவையார், புறநானூற்று 87-ஆம் பாட்டில் அவனைப் புலிக்கும் ஒப்பிடவில்லை, அரிமாவுக்கும் ஒப்பிடவில்லை, தேர்க்காலுக்கு ஒப்பிட்டார். தேர்க்கால் என்பது தேரின் உருளி. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு திங்கள் முழுதும் உழைத்து ஒரே ஓர் உருளியைச் செய்தால் அஃது எத்தகைய உறுதியுடையதாக இருக்கும்! அத்தகையவன் அஞ்சி என்றார் அவர்.

அவன் மகன் பொகுட்டெழினியைப் பாடும்போதும் ஔவையாரின் உள்ளம் வண்டியையே நாடியது. உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சினையும் கட்டிச் செல்வர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இருக்கும் அச்சு நன்றாகவே இருக்கிறது, எருதுகளோ இளையவை, சுமையோ மிகுதி. பள்ளத்தில் இறங்குங்காலும் மேட்டில் ஏறுங்காலும் நேரப்போவதை யார் அறிவார் என்பதே அவர்தம் கவலை. 102-ஆம் பாட்டில் காணும் அந்தக் கவலை, இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் அதே தகடூர் மண்ணில், தொப்பூர்க் கணவாயில் உயிரோடிருக்கிறது.

பெங்களூரிலிருந்து சேலம் நோக்கி வரும் 44-ஆம் எண் நாட்டு நெடுஞ்சாலை, தருமபுரி மேட்டுநிலத்தைக் கடந்து தொப்பூரில் இறங்குகிறது. வடக்கிலிருந்து சுமையேற்றி வரும் சரக்குந்துகள் பல இவ்விறக்கத்தைக் கடந்தே தென்னாடு புகுகின்றன. 2020 திசம்பரிலும் 2024 சனவரியிலும் இங்கே சரக்குந்துகள் முன்னிருந்த ஊர்திகள்மேல் மோதி உயிர்களைக் குடித்ததை இம்மாவட்டம் மறக்கவில்லை. அந்நேர்ச்சிகளின் கரணியத்தை ஆராய்வது காவல்துறையின் வேலை. இங்கே சொல்லவருவது வேறு. பழுதுபட்ட உருளி பெரும்பாலும் முன்னறிவிப்பின்றி முறிவதில்லை. அது பல நாள் முனகும், உறுமும், அதிரும். கேட்கும் செவிதான் வாய்ப்பதில்லை.

செவி வாய்த்தாலும் சொல் வாய்ப்பதில்லை. மகிழுந்தைப் பட்டறைக்குக் கொண்டுவருவோருள் பலர், "வீலில் சத்தம் வருகிறது" என்று கூறிவிட்டு நிற்பர். சத்தம் என்பது வடசொல், அது கிடக்கட்டும். எல்லா ஒலியையும் அந்த ஒரே சொல்லுக்குள் திணித்து அடைத்துவிடுவதே பெருங்கேடு. மருத்துவரிடம் சென்று "உடம்பில் நோய்" என்று மட்டும் கூறுவது போன்றது அது. தமிழனுக்கா ஒலிச்சொல் பஞ்சம்? தொல்காப்பியர் உரியியலில் இயம்பல், இரங்கல், சிலைத்தல் எனவும், கம்பலை, சும்மை, கலி எனவும் ஒலிக்கும் ஆரவாரத்துக்கும் உரிய சொற்களை வகுத்துவைத்தார். மக்கள் வாயிலோ உறுமல், முனகல், கீச்சிடல், கடகட, நறநற, தடதட என நூற்றுக்கணக்கில் உள்ளன.

ஒன்று வியக்கத்தக்கது. நம்மூர்ப் பட்டறைகளில் உறுப்புகளின் பெயரெல்லாம் பேரிங், டயர், பிரேக், ஸ்டியரிங் என ஆங்கிலமாகிவிட்டன. ஆனால், ஒலியின் பெயர் மட்டும் தமிழாகவே நின்றுவிட்டது. பட்டறைச் சிறுவன்கூட, "உம்முனு வருதா, டக்கு டக்குனு வருதா?" என்றுதான் கேட்கிறான். உறுப்புகள் அயல்நாட்டிலிருந்து பெயரோடு வந்து இறங்கின, காது இறக்குமதியாகவில்லை. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலியாது என்று கிளவியாக்கம் கூறுவதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சுழலும் உருளியின் பழுது, ஒவ்வொரு சுற்றிலும் திரும்பத் திரும்பத்தான் ஒலிக்கும்.

இனிப் பழுதறியும் முறைக்கு வருவோர் முதலில் கேட்கவேண்டிய வினா, ஒலி எங்கிருந்து வருகிறது என்பதன்று. எப்போது வருகிறது என்பதே. விரைவு கூடும்போதா, திரும்பும்போதா, நிறுத்தியை மிதிக்கும்போதா? சீரான, ஊர்தி நடமாட்டமற்ற சாலையில் ஓடும்போது பொறியின் முடுக்கத்தைக் குறைத்தாலும் ஒலி மாறாமல் வண்டியின் விரைவை ஒட்டியே நின்றால், பழுது பொறியில் இல்லை. சுழலும் உருளிப் பக்கத்தில்தான் இருக்கிறது. மதிற்சுவரை ஒட்டிச் சாளரத்தைத் திறந்துவைத்து மெல்ல ஓட்டினால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இன்னும் தெளிவாகக் கேட்கும்.

டயர் எனப்படும் உருளிப்பட்டை சீரின்றித் தேய்ந்தால் உறுமல் எழும். பேரிங் என்று வழங்கும் உருள்தாங்கி தேய்ந்தாலும் உறுமல்தான் எழும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் பணத்தை இழந்தோர் பலர். சாலையின் பரப்பே இதற்கு எளிய உரைகல். கருங்கல் பெயர்ந்த சாலையிலிருந்து வழவழப்பான சாலைக்கு வந்தவுடன் ஒலி மாறினால் பட்டையின் குற்றம். எச்சாலையிலும் ஒரே உறுமல் என்றால் தாங்கியின் குற்றம். ஐயம் நீங்காவிடின் முன்னுருளியைப் பின்னுக்கு மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். ஒலியும் உடன் பின்னே சென்றால் பட்டைதான் குற்றவாளி.

தாங்கி என்பது அச்சுக்கும் உருளிக்கும் இடையே எஃகுக் குண்டுகளையோ உருளைகளையோ மசகில் புதைத்துவைத்த வளையம். மாட்டுவண்டியின் குடத்தில் வண்டி மை செய்த வேலையையே, உராய்வைக் குறைக்கும் வேலையையே, இங்கே மசகும் குண்டும் சேர்ந்து செய்கின்றன. காப்புறை கிழிந்து தண்ணீரும் மண்ணும் புகுந்தால் குண்டோடும் தடத்தில் பொத்தல் விழும். அந்தப் பொத்தல்மேல் குண்டு உருளும் ஒலியே அவ்வுறுமல். எந்தப் பக்கத்துத் தாங்கி என்று அறிய ஒரு வழி உண்டு. வண்டி இடப்பக்கம் வளையும்போது அதன் எடை வலப்பக்க உருளிகள்மேல் சாய்கிறது. அப்போது உறுமல் மிகுந்தால் பெரும்பாலும் வலப்பக்கத் தாங்கியே பழுது. வலப்பக்கம் வளையும்போது மிகுந்தால் இடப்பக்கம். பின்னர் வண்டியைத் தூக்கி, முட்டுக்கொடுத்து நிறுத்தி, உருளியின் மேல்முனையையும் கீழ்முனையையும் இரு கையால் பற்றி ஆட்டினால், தேய்ந்த தாங்கி ஆட்டங் காட்டும். இடவலமாகப் பற்றி ஆட்டும்போது மட்டும் ஆடினால், திருப்புறுப்புகளின் மூட்டுகளைப் பார்க்கவேண்டும். ஒரு கையைச் சுருள்வில்மேல் வைத்து மறுகையால் உருளியைச் சுழற்றினால், செவிக்கு எட்டாத நறநறப்பும் விரலுக்கு எட்டும். முட்டுக்கொடுக்காத வண்டியின் அடியில் எவரும் கை நீட்டலாகாது. இதனைத் தனியே சொல்லவேண்டிய நிலை இன்னும் இருக்கிறதே!

அடுத்தது அதிர்வு. மணிக்கு 80 அல்லது 100 கிலோமீட்டர் விரைவில் ஓட்டுநர் கையிலுள்ள திருப்புவளையம் நடுங்குகிறது. விரைவைக் குறைத்தால் அடங்குகிறது. இது முன்னுருளியின் எடை ஒருபக்கம் மிகுந்திருப்பதன் அடையாளம். நடுக்கம் இருக்கையில் மட்டும் தெரிந்தால் பின்னுருளியை ஆராயவேண்டும். விளிம்பில் ஒட்டிய ஈயக்கட்டி விழுந்திருக்கலாம். வயலோரச் சேறு உருளியின் உட்புறத்தில் ஒட்டிக் காய்ந்திருக்கலாம். "முப்பது கிராம்தானே, என்ன செய்துவிடும்?" என்போர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 100 கிலோமீட்டர் விரைவில் மகிழுந்தின் உருளி நொடிக்கு ஏறத்தாழ 15 முறை சுழல்கிறது. விளிம்பில் மிகுந்திருக்கும் அந்த 30 கிராம், நாலரைக் கிலோ எடைக்கு நிகரான விசையோடு உருளியை வெளிப்புறமாக இழுக்கிறது. நொடிக்கு 15 முறை அவ்விழுப்பு திசை மாறிச் சுற்றிவருகிறது. பாதி விரைவில் அவ்விசை காற்பங்காகிவிடும். ஊருக்குள் தெரியாத நடுக்கம் நெடுஞ்சாலையில் தெரிவது இதனால்தான்.

முன்னுருளி இயக்கமுடைய வண்டியில், முழுதும் வளைத்துத் திரும்பும்போது மட்டும் "டக் டக்" என்றால் அச்சின் மூட்டு தேய்ந்ததென்று பொருள். உருளியின் உட்புறத்தில் மசகு தெறித்திருந்தால் மூட்டின் உறை கிழிந்தது உறுதி.

இனித் தொப்பூருக்கே உரிய நோய். 25 டன் எடையுள்ள சரக்குந்து 100 மீட்டர் உயரம் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றலை வெப்பமாக்கினால், ஏறத்தாழ 80 இலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரலாம். பல்லிணையைத் தாழ்த்தி இறங்கினால் இவ்வாற்றலில் பெரும்பங்கைப் பொறி தாங்கிக்கொள்ளும். எரிநெய் மிச்சமாகுமென்று பல்லிணையை விடுவித்துவிட்டு உருட்டினால், அவ்வளவு வெப்பமும் பிரேக் எனும் நிறுத்திகளின்மேலேயே விழும். காய்ந்த நிறுத்தி பிடிப்பிழக்கும். கருகல் நாற்றம் எழும். மிதித்தும் வண்டி நில்லாது. மகிழுந்துக்கும் இதே இயல்புதான், அளவுதான் சிறிது.

நிறுத்தியின் நோய்க்குரிய அறிகுறி, மிதிக்கும்போது மட்டும் தோன்றுதல். மிதித்தவுடன் திருப்புவளையம் நடுங்கி, மிதிகட்டை காலை மெல்லத் தள்ளித் தள்ளி விட்டால், நிறுத்தியின் வட்டு இடத்துக்கிடம் தடிப்பு மாறியிருக்கிறது. இறக்கத்தின் முடிவில் சுடச்சுட நிற்கும் வட்டின்மேல் தண்ணீரை ஊற்றுவதும், மிதிகட்டையை அழுத்தியவாறே நெடுநேரம் நிற்பதும் இந்நோயை வளர்க்கும். கீச்சென்ற ஒலி பலவகை வண்டிகளில் உராய்வுக்கட்டை தேயும்போது வட்டைத் தொடுமாறு வைத்த தகட்டின் குரல், அஃது எச்சரிக்கை. நறநறவென்றால் எச்சரிக்கையும் கடந்தது; இரும்பை இரும்பு தின்கிறது. ஆயினும் சிறுகல் ஒன்று வட்டுக்கும் காப்புத்தகட்டுக்கும் இடையே சிக்கினாலும் கொடிய ஒலி எழும். முதலில் அதனைப் பார்த்துவிட்டே பட்டறைக்காரர் விலை பேசவேண்டும். பேசுவோரும் உளர், பேசாதோரும் உளர்.

எல்லாவற்றிலும் கொடியது, மெல்ல ஓடும்போதே "கடகட" என்று கேட்டு, வண்டி தள்ளாடுவது. உருளியைப் பிணைக்கும் திருகுமரைகள் தளர்ந்திருக்கலாம். இதற்கு ஆராய்ச்சி வேண்டா. அவ்விடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்துவதே மருந்து. பழைய வண்டியில் உருளி கழலாமல் காத்தது கடையாணி; வள்ளுவர் தேருக்குச் சொன்ன அச்சாணியும் அதுவே. இன்று அவ்வேலையைச் செய்வன இந்த நான்கைந்து மரைகள். உருளியைக் கழற்றி மாட்டியபின் மரைகளை வரிசையாக முடுக்காமல் எதிரெதிராக முடுக்கவேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும். ஓசூரிலோ கிருட்டிணகிரியிலோ உருளி மாற்றியவர்க்கு அந்தத் தொலைவு முடியும் இடம் ஏறத்தாழ இம்மாவட்டமே. இறக்கம் தொடங்குமுன் பாதுகாப்பான இடத்தில் வண்டியை நிறுத்தி, மரைகளைக் கையால் தொட்டுப் பார்த்து, நான்கு உருளிகளின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று, ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகச் சுடுகிறதா என்று பார்க்க ஐந்து மணித்துளி போதும். சுட்டால் இறங்கவேண்டா, அவ்விடத்திலிருந்தே பட்டறையரை அழைக்கலாம். அவர் கேட்கும் முதல் வினா "என்ன மாதிரி ஒலி?" என்பதாகவே இருக்கும்.