சேமிக்கும் பொத்தான் இல்லாத சொற்செயலி



நூலக வாசகர் வட்டத்தில் கணினியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவு பற்றி ஏதாவது சொல்வான் என்று நம்பி வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் பேசப்போவது ஒரு பழைய சொற்செயலியைப் பற்றி. பிள்ளைகளின் கைக்கு ஏற்றபடி அதை மாற்றியமைத்தார்களே, அந்த வேலையைப் பற்றி.

2005 நவம்பரில் துனிஸ் நகரில் ஐ.நா. கூட்டிய தகவல் சமூக மாநாடு. எம்ஐடியின் நிக்கோலஸ் நெக்ரோபான்டே, ஐ.நா. பொதுச் செயலாளர் கோபி அன்னானை அருகில் வைத்துக்கொண்டு, பச்சை நிறத்தில் ஒரு சின்ன மடிக்கணினியைக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சுற்றினால் மின்சாரம் வரும் என்றார்கள். விலை 100 டாலர், பிள்ளைக்கு ஒன்று என்றார்கள். 2007 இறுதியில் எக்ஸ்ஓ என்ற பெயரில் அது தொழிற்சாலையைவிட்டு வெளியே வந்தபோது கைப்பிடியைக் காணோம், விலையும் 190 டாலரைத் தொட்டிருந்தது. பத்திரிகைகளுக்கு இந்தச் செய்தி போதும். கைப்பிடியைப் பற்றியும் விலையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிள்ளை அதில் எழுத உட்கார்ந்தால் எதில் எழுதும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர்.

அந்தக் கணினியின் வயிற்றைக் கொஞ்சம் பாருங்கள். 433 மெகாஹெர்ட்ஸ் செயலி. 256 எம்பி நினைவகம். வன்தட்டு கிடையாது, 1 ஜிபி ஃபிளாஷ் சில்லுதான் எல்லாவற்றுக்கும். நினைவகம் நிரம்பிவிட்டால் நம் வீட்டுக் கணினி வன்தட்டில் ஓர் ஓரத்தை எடுத்துச் சமாளிக்கும். இதில் அதற்கு வழியில்லை. இடம் தீர்ந்தால் இயங்கிக்கொண்டிருக்கும் மென்பொருள்களில் ஒன்றை இயங்குதளமே கொன்றுவிடும். பிள்ளை பாதிக் கட்டுரையில் இருக்கும், திரையில் எதுவும் இருக்காது. இதில் கொண்டுபோய் ஓப்பன் ஆபீஸை ஏற்றினால் என்ன ஆகும்? அலுவலகக் கணினிக்கென்று வளர்ந்த மென்பொருள் அது.

அபிவேர்ட் என்று ஒன்று இருந்தது. 1998இல் சோர்ஸ்கியர் என்ற அமெரிக்க நிறுவனம் தொடங்கிய திட்டம். நிறுவனம் சில காலத்தில் ஒதுங்கிக்கொண்டது. நிரல் திறந்து கிடந்ததால் தன்னார்வலர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் முக்கியமானவர் மார்ட்டின் செவியர், மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் துகள் இயற்பியல் ஆய்வாளர். பகலில் அணுவுக்குள்ளே இருப்பதைத் தேடுகிற மனிதர், மிச்ச நேரத்தில் சொற்செயலியின் பிழைகளைத் தேடினார். சம்பளம் கிடையாது. நம்மூரில் இப்படி ஒருவர் இருந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்!

அபிவேர்ட் சிறியது, வேகமானது. ஆனால் அதுவும் பெரியவர்களுக்கான மென்பொருள்தான். அப்பாவின் சட்டையைக் கையும் நீளமும் குறைத்துப் பிள்ளைக்குப் போட்டுவிடுவோமே, அப்படி நாலு பட்டியலை நீக்கிவிட்டு அனுப்பியிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. எழுத்தைக் கையாளும் உட்பகுதியை மட்டும் தனி நிரல் நூலகமாகப் பிரித்தெடுத்தார்கள். அதன்மேல் பைத்தான் மொழியில் புதிதாக ஒரு முகத்தை எழுதினார்கள். எக்ஸ்ஓவில் ஓடிய சுகர் என்னும் சூழலுக்குள் அது ‘ரைட்’ என்ற பெயரில் குடியேறியது.

சுகரில் சேமிக்கும் வேலை பிள்ளையுடையது அல்ல. எழுதியது தானாகவே ஜர்னல் என்ற நாட்குறிப்பில் போய்ச் சேரும். எந்தக் கோப்புறை, என்ன பெயர், பழையதன்மேல் எழுதட்டுமா என்று எந்தக் கேள்வியும் குறுக்கே வராது. நேற்று எழுதியதை இன்று தொடர வேண்டுமா? நாட்குறிப்பில் நேற்றைப் பார்த்தால் போதும். ஏழு வயதுப் பிள்ளைக்கு நேற்று தெரியும். கோப்புறைக்குள் கோப்புறை தெரியாது. குறையே இல்லையா என்றால், உண்டு. மாதங்கள் போகப் போக நாட்குறிப்பு நீண்டுவிடும், பழையதைத் தேடி எடுப்பது பெரும்பாடு. ஆனாலும் வேலையைத் தொடங்கிய இடம் சரி என்பது என் கட்சி. அலுவலகக் குமாஸ்தாவை மனத்தில் வைத்துத் தொடங்காமல் பிள்ளையை வைத்துத் தொடங்கினார்கள்.

திரையும் ஒரு கட்டளை போட்டது. மேரி லூ ஜெப்சன் வடிவமைத்த 7.5 அங்குலத் திரை அது. உச்சி வெயிலிலும் படிக்கலாம். வெயிலில் நிறம் மறைந்து கறுப்பு வெள்ளையாகிவிடும். மரத்தடி வகுப்புக்கு அது வரம்தான். ஆனால் சிவப்பு, பச்சை என்று நிறத்தை மட்டும் நம்பிப் பொத்தான் வரைந்தால் வெயிலில் எது எதுவென்றே தெரியாது. படத்தின் உருவமே பொருளைச் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம்விட நான் மதிப்பது இன்னொன்றை. பல பிள்ளைகள் ஒரே பக்கத்தில், ஒரே நேரத்தில், ஆளுக்கொரு மடிக்கணினியிலிருந்து எழுதலாம். இணையம் வேண்டாம், கணினிகள் தங்களுக்குள்ளேயே வலை பின்னிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஆவணம் முழுவதும் போய்வராது. யார் எந்த எழுத்தைச் சேர்த்தார், எதை அழித்தார் என்ற சிறு மாற்றம் மட்டும் போகும். சுமை குறைவு, அதனால்தான் இந்தச் சின்னக் கணினிக்கும் அது சாத்தியமாயிற்று. இணையத்தில் சேர்ந்து எழுதும் வசதி பலருக்குப் புதிதாக இருந்த காலம் அது. இணையமே எட்டாத கிராமப் பள்ளிக்காக இவர்கள் அதைச் செய்து முடித்தார்கள்.

விளைவு என்ன? இங்கே நேர்மையாகப் பேச வேண்டும். உருகுவே 2007இல் தொடங்கி 2009க்குள் அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்து முடித்தது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. அங்கே 319 கிராமப் பள்ளிகளில் ஆய்வு செய்து 2012இல் வெளியிட்ட முடிவில், கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. திட்டத்தை எதிர்த்தவர்கள் அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியருக்குப் பயிற்சி போதாது, இணையம் இல்லை என்பதையும் சேர்த்தே அந்த ஆய்வைப் படிக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் திறந்த மென்பொருள்களின் வரிசையில் விளையாட்டுகளோடு சொற்செயலியும் இருந்தது. யாரும் அடித்து உட்காரவைக்காமலே பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். பெட்டியை இறக்கிவைத்துவிட்டு லாரி திரும்பிப்போனதற்குச் சொற்செயலி என்ன செய்யும்?

2008 மே மாதம் எக்ஸ்ஓவில் விண்டோஸ் எக்ஸ்பியும் ஓடும் என்று அறிவிப்பு வந்தது. எக்ஸ்ஓவை உருவாக்கிய அமைப்பில் மென்பொருளுக்குப் பொறுப்பாக இருந்த வால்டர் பெண்டர் அதற்குச் சற்று முன்பே விலகியிருந்தார். அதே மே மாதத்தில், சுகரைத் தொடர்ந்து வளர்க்க, சுகர் லேப்ஸைத் தொடங்கினார். மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். திறமூலம் என்பதால் பச்சைக் கணினியின் உற்பத்தி நின்ற பிறகும் ரைட் சாதாரண மடிக்கணினியில், யூஎஸ்பி குச்சியில்கூட ஓடியது.

நம் கதைக்கு வருகிறேன். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டு அரசு பிளஸ் டூ மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை வீடுகளில் அதுதான் முதல் கணினி! கொடுத்ததைக் குறை சொல்ல நான் வரவில்லை. உள்ளே என்ன வைப்பது என்று எக்ஸ்ஓக்காரர்கள் அளவுக்கு நாம் வாதாடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தமிழ் எழுதும் பிள்ளைக்கென்று யோசிக்க எவ்வளவோ இருக்கிறது. ‘கொ’ என்று தட்டியபின் அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் எழுத்து முழுவதும் போக வேண்டுமா, கொம்பும் காலும் மட்டும் போய் ‘க’ நிற்க வேண்டுமா? நமக்குப் பழகிவிட்டது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது ஓர் எழுத்து, அவ்வளவுதான். எழுதப் பழகும் வயதில் சொல்லுக்குச் சொல் சிவப்புக் கோடு போட்டுப் பிழை காட்டலாமா? கூடாது என்பேன். வாத்தியார்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதும் உரிமை ரைட்டின் உரிமத்திலேயே நமக்கு இருக்கிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நூலகத்தில் உறங்கும் பழைய மடிக்கணினிகளில் இரண்டை ஞாயிறு காலையில் தரும்படி நூலகர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் ஓரிருவர் போதும். எழுத வேண்டிய மாணவர்கள் இதோ, முன்வரிசையில் இருக்கிறார்கள்.