ஊசியும் உள்ளமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விழா மேடையிலே பேசத்தக்க பொருளா இது என்று சிலர் எண்ணலாம். வீட்டிலே பேச அஞ்சுவதை மன்றத்திலும் பேசாது விடின், அது இருளிலே வளரும். போதை ஊசியையும் அதன்வழிப் பரவும் எச்.ஐ.வி. கிருமியையும் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலே ஸ்கொட் என்றொரு சிறு மாவட்டம் உண்டு. ஆண்டொன்றுக்கு ஐவருக்கும் குறைவானோரிடமே எச்.ஐ.வி. காணப்பட்ட இடம் அது. அங்குள்ள ஒஸ்டின் என்னும் ஊரின் சனத்தொகை ஏறக்குறைய 4,200. 2015ஆம் ஆண்டு முடியுமுன் அவ்வூரை மையமாகக் கொண்டு 180 பேருக்கு மேல் இக்கிருமி தொற்றியமை கண்டறியப்பட்டது.

காரணம் யாது? ஒக்சிமோர்போன் என்னும் வலிநிவாரணக் குளிசை. அபின் இனத்தைச் சேர்ந்தது. அதனைக் கரைத்து ஊசியால் ஏற்றினர். மயக்கம் தெளிந்ததும் உடல் நடுங்கும், உறக்கம் கெடும், உள்ளம் தவிக்கும். ஆகவே நாளொன்றுக்கு 4 முதல் 15 முறை வரை ஏற்றினர். ஊசியைப் பகிர்ந்துகொண்டனர். சில குடும்பங்களிலே மூன்று தலைமுறையினர் ஒருங்கிருந்து ஏற்றினராம்!

வறுமையும் வேலையின்மையும் மிகுந்த ஊர் அது. மனஞ்சோர்ந்து உயிர்மேற் பற்றிழந்தவன் ஊசியின் தூய்மையை எண்ணுவானா? பழிக்கு அஞ்சி ஒளிப்பவன் வைத்தியரை நாடுவானா? உள்ளத்தின் நோயே உடலின் நோய்க்கு வழி திறக்கிறது.

புதிய ஊசி வழங்க அம்மாநிலச் சட்டம் அப்போது இடந்தரவில்லை. 2015 மார்ச் 26இல் ஆளுநர் மைக் பென்ஸ் சுகாதார அவசரநிலையைப் பிரகடனஞ் செய்து இடமளித்தார். ஊசியும் பரிசோதனையும் மருந்தும் கிடைத்தன, தொற்றுந் தணிந்தது.

“இது தீமைக்குத் துணைபோவதாகாதா?” எனப் பெரியோர் கேட்கலாம். அம்மாவட்ட ஆட்சிக்குழுவிலும் இவ்வையம் எழுந்தது. 2021இல் திட்டத்தை முடிக்க வாக்களித்தனர். ஆயினும், ஊசி பெற வருபவன் தன்னை இகழாத முகமொன்றைக் காண்கிறான். சிகிச்சையின் முதற்படி அதுவே. வைத்தியர் மேற்பார்வையில் மெதடோன் போன்ற மருந்தை உட்கொள்வோருக்குத் தொற்று அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மனச்சோர்வுக்கும் உடன் சிகிச்சை வேண்டும்.

நம் நாட்டிலே ஹெரோயினைப் புகையாக இழுப்போரே மிகுதி, ஊசியேற்றுவோர் சிலரே. அதனால் நமக்கென்ன என்றிருத்தலாகாது. ஒளிப்பும் பழிப்பும் இங்கும் உண்டு.

திலகவதியாரை நினையுங்கள். வேறு நெறி சென்ற தம்பி சூலைநோயால் வருந்தி இரவிலே வந்தபோது, அவர் வாயிலை அடைத்தாரல்லர். திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அத்தம்பியே நம் அப்பர் பெருமான்.

இளைஞர்களே, வழிதவறிய நண்பனை வைத்தியரிடம் நீங்களே கூட்டிச் செல்லுங்கள். பெரியோர்களே, அவன் திரும்பிவரும் இரவில் உங்கள் வீட்டுக் கதவு திறந்திருக்கட்டும்.