"ரத்தம் குறைவு" என்றால் எது குறைவு?

(தோட்ட மாதர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். என் வகுப்பில் ஒரு பிள்ளை தினமும் மேசையில் தலையைச் சாய்த்துவிடும். "சோம்பேறி" என்று ஏசினேன். பிறகு கிளினிக்கில் பார்த்தால் ஹீமோகுளோபின் 8. மலையேறும்போது மூச்சு வாங்கி நிற்கிற அக்காவுக்கும் இதே பெயர்தான் கிடைக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர் வேறு.

அது சோம்பல் இல்லை. மூச்சில் இழுக்கிற ஒட்சிசனை உடம்பெல்லாம் கொண்டுபோவது ஹீமோகுளோபின். ஒரு டெசிலீற்றர் ரத்தத்தில் அது பெண்களுக்கு 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும், ஆண்களுக்கு 13-க்கும் கீழே இறங்கினால் இரத்தச்சோகை.

ஆனால் எல்லாச் சோகையும் ஒன்றல்ல. ரத்தத்தைச் சோதிக்கும்போது சிவப்பணுவின் அளவைப் பார்ப்பார்கள். சிறுத்திருந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. பெருத்திருந்தால் போலிக் அமிலமோ விற்றமின் பி12-ஓ போதாமல் இருக்கலாம். அளவு சரியாக இருந்தும் சோகை என்றால் திடீர் ரத்தப்போக்கு, சிறுநீரக நோய் என்று வேறு காரணம் தேட வேண்டும். பரம்பரையாக வரும் தலசீமியாவிலும் அணு சிறுத்தே இருக்கும். இரும்பு மாத்திரை அதைத் தீர்க்காது. அதனால் பக்கத்துக் காம்பராவில் மாத்திரை கடன் வாங்கி விழுங்காதீர்கள். சோதித்த பிறகு குடியுங்கள்.

நமக்கு அதிகம் வருவது இரும்புக் குறைவுதான். மாதாமாதம் போகிற ரத்தம், அடுத்தடுத்த பிரசவம், காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே சாயத்தண்ணி. நாம் பறிக்கிற தேயிலையே சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேராமல் தடுக்கிறது! குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டீர்கள். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கவே வேண்டாம். கீரை, பயறு, நெத்தலியோடு கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாத்திரை குடித்தால் மலம் கறுக்கும், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொரு திருடன் கொக்கிப்புழு. வெறுங்காலோடு அசுத்த மண்ணில் நடந்தால் தோலைத் துளைத்து ஏறி, குடலில் இருந்து ரத்தம் உறிஞ்சும். 1916-இலேயே ராக்ஃபெல்லர் அறக்கட்டளை நம் நாட்டுத் தோட்டங்களில் இதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கியது. மலசலகூடம் போதாத இடங்களில் புழு திரும்பவும் தொற்றியது. நூறு வருசம் கழிந்தும் மலையில் வேலை செய்கிற பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை.

ஆகவே அடுத்த பேச்சுவார்த்தையில் இரண்டு கோரிக்கை வைக்கிறோம்: மலைக்குப் பக்கத்தில் மலசலகூடம், ரத்தம் சோதிக்கப் போகிற நாளுக்கு முழுப்பேர். உங்கள் லயத்தில் உடைந்து கிடக்கிற கக்கூஸ்களை எண்ணி, ஞாயிற்றுக்கிழமைக்குள் மாதர் தலைவியிடம் எழுதிக் கொடுங்கள்.