யானைத்தீயும் நேரத்துக்குச் சோறும்



மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்றொரு பெண் வருகிறாள். வடக்கே காஞ்சனபுரத்திலிருந்து கணவனோடு பொதிகை மலைக்கு வந்தவள். அங்கே ஆற்றங்கரையில் ஒரு முனிவர் தேக்கிலையில் நாவற்கனி ஒன்றை வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழுக்கும் கனி. அதுதான் அவருக்கு உணவு. அதைக் காலால் மிதித்துச் சிதைத்துவிடுகிறாள் காயசண்டிகை. முனிவர் சாபமிடுகிறார். அன்றிலிருந்து அவள் வயிற்றில் யானைத்தீ. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசி. பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி நம் தூத்துக்குடி மாவட்டத்துப் புன்னைக்காயலில்தான் கடலோடு சேர்கிறது. ஆகவே காயசண்டிகை நமக்கு அயலூர்க்காரி இல்லை.

இன்று நான் பேசவந்த நோய் வேறு. அவளுக்கு இருந்தது பசி. இந்த நோயிலோ வயிறு நிறைந்திருக்கும்போதும் கை சாப்பாட்டுக்குப் போகும். இருந்தும் அவளை முதலில் நினைக்கக் காரணம், அவள் குணமான விதம். வாயைக் கட்டு என்று அவளை யாரும் அதட்டவில்லை. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து சோறு அள்ளி இட்டாள், தீ அடங்கிற்று. கட்டுக்கடங்காமல் உண்ணும் நோய்க்குப் பட்டினி மருந்தாகாது, முறையாகச் சாப்பிடுவதே மருந்து என்று இன்றைய மனநல மருத்துவமும் சொல்கிறது. நம் வீடுகளில் நடப்பதோ இதற்கு நேர் எதிர். அதனால்தான் இந்தப் பேச்சு.

மீன் பதனிடும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உடம்பைக் குறைக்க வேண்டும் என்று காலையில் இட்லி சாப்பிடவில்லை. மத்தியானம் ரெண்டு துண்டு வெள்ளரிக்காய். "எப்படிக்கா இவ்வளவு கட்டுப்பாடா இருக்கீங்க?" என்று பக்கத்து மேசைப் பெண் வியக்கிறாள். இரவு வீடு தூங்கிய பிறகு, டப்பாவில் இருக்கும் மக்ரூனில் ஒன்று எடுக்கிறாள். ஒன்று பத்தாகிறது. பிறகு சேவு. பிறகு பானையில் மிஞ்சிய சோறும் மீன் குழம்பும். விளக்குப் போடாமல், நின்றபடியே, ருசிகூடத் தெரியாத வேகத்தில் சாப்பிடுகிறாள். நிறுத்த வேண்டும் என்று மனம் கெஞ்சுகிறது, கை நிற்கவில்லை. வயிறு வலிக்கும்போதுதான் நிற்கிறது. உடனே அழுகை வருகிறது. தன்மேலேயே அருவருப்பு வருகிறது. காலி உறைகளைக் கைப்பைக்குள் மறைத்து வைக்கிறாள். காலையில் அம்மா, "ஏட்டி, டப்பாவுல இருந்த சேவு எங்கட்டி?" என்று கேட்கும்போது, "எறும்பு வந்துட்டும்மா, கொட்டிட்டேன்" என்கிறாள். இன்றைக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது என்று சபதம் எடுக்கிறாள். அந்தச் சபதம்தான் அடுத்த இரவையும் கொண்டுவருகிறது.

இதற்குப் பெயர் பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர். அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் 1959-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக ஏறியது 2013-ல்தான். ஐம்பது ஆண்டுக்கு மேல் இதைப் பலரும் ஒழுக்கக் குறையாகத்தான் பார்த்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலும் இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

கல்யாணப் பந்தியில் நாலு இலைச் சாப்பாட்டை ஒருவர் ஒரே இலையில் முடித்தால் அது நோயாகுமா? ஆகாது. பனிமய மாதா திருவிழாவுக்கு வந்த சொந்தங்களோடு உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிடுவதும் நோயாகாது. மருத்துவர் கேட்பது வேறு. சுமார் இரண்டு மணி நேரத்துக்குள், மற்றவர்கள் சாப்பிடுவதைவிட மிக அதிகமாகச் சாப்பிடுகிறீர்களா? அப்போது நிறுத்த முடியவில்லை என்ற உணர்வு இருக்கிறதா? வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதமாக இது நடக்கிறதா? அதோடு, பசியில்லாமல் சாப்பிடுவது, அவசரமாக விழுங்குவது, வெட்கப்பட்டுத் தனியாகச் சாப்பிடுவது, பின்பு குற்ற உணர்வில் நொந்துபோவது போன்றவற்றையும் பார்ப்பார்கள். சாப்பிட்டதை வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ வெளியேற்றும் பழக்கம் இருந்தால் அது புலிமியா என்ற வேறு நோய். அதில் உடம்பில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். அப்படி இருப்பவர்கள் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சரி, கை ஏன் நிற்பதில்லை?  தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். காற்று தரும் கம்ப்ரசர் வருவதற்கு முன்பெல்லாம் ஒரே மூச்சில்தான் இறங்கி ஏறுவார்கள். மேலே வந்ததும் வாயைப் பிளந்து காற்றை விழுங்குவார்கள். அதைப் பார்த்து, காற்றுக்கு அலைகிறான் என்று யாராவது ஏசுவார்களா? அடக்கிய மூச்சு அப்படித்தான் திரும்ப வரும். நாள் முழுக்க அடக்கிய சாப்பாடும் இரவில் அப்படித்தான் வருகிறது.

இதற்குச் சான்று 1944, 45-ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய ஆய்வு. போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம்கொடாத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று சோதித்தே எடுத்தார்கள். 24 வாரம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்கு ஏறத்தாழ 1,570 கலோரி. இன்று கைபேசியில் சுற்றிவரும் டயட் அட்டவணைகளில் பல இதைவிடக் குறைவாகத்தான் தருகின்றன என்பதைக் கவனியுங்கள். அந்த இளைஞர்களுக்கு நினைவெல்லாம் சோறாகிவிட்டது. சமையல் குறிப்புகளைச் சேகரிக்கத் தொடங்கினார்கள். சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் சிலர் வயிறு தாங்காத அளவுக்குத் தின்று, அப்புறமும் பசிக்கிறது என்றார்கள். அதற்கு முன் அவர்களில் யாரும் தீனிப்பண்டாரங்களாக இருந்ததில்லை. பட்டினி அவர்களை அப்படி ஆக்கியது.

பேலியோ, கீட்டோ, பதினாறு மணி நேர விரதம் என்று ஒவ்வொன்றாக முயன்று தோற்றதாகச் சொல்லும் நண்பர்களுக்கு இந்த ஆய்வை நான் சொல்வதுண்டு.

பட்டினி மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் அடுத்தவருக்கும் வர வாய்ப்பு கூடுகிறது. மனச்சோர்வும் பதற்றமும் பலருக்குக் கூடவே இருக்கின்றன. சின்ன வயதில் உடம்பைச் சொல்லிக் கேலி செய்தது முப்பது வயதிலும் உள்ளே கிடக்கும். "சோத்து மூட்டை", "வயித்துல பேயா இருக்கு?" என்று பிள்ளைகளைச் சொல்லும் பெரியவர்கள் இதைத் தயவுசெய்து கேட்க வேண்டும். நீங்கள் திருத்துவதாக நினைக்கிறீர்கள். பிள்ளை மறைத்துத் தின்னக் கற்றுக்கொள்கிறது.

இது பணக்கார வீட்டுப் பெண்களின் நோய் என்ற எண்ணமும் தவறு. அமெரிக்காவில் 2007-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், வாழ்நாளில் இந்த நோய் கண்டவர்கள் பெண்களில் 3.5 சதவீதம், ஆண்களில் 2 சதவீதம். உணவுக் கோளாறுகளில் ஆண்களை இவ்வளவு பாதிப்பது இதுதான். ஒல்லியானவர்களுக்கும் வரும். டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் இலவச உணவு வாங்க வந்தவர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வு, வீட்டில் சாப்பாடு நிச்சயமில்லாதவர்களிடம் கட்டுமீறி உண்பது கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நம் கடற்கரைக்கு இதன் பொருள் என்ன? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இல்லை. வரும்போது வயிறார, வராதபோது வயிறொட்ட என்று வாழும் வீடுகள் இங்கே ஆயிரக்கணக்கில். துறைமுகத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்துவிட்டு நேரம் தப்பிச் சாப்பிடுபவர்கள் வேறு. இவர்களில் யாருக்காவது இந்த நோய் இருந்தால் யார் கேட்டுக் கண்டுபிடிப்பது? ஆஸ்பத்திரிக்குப் போனால் எடை மெஷினில் ஏற்றி, "உடம்பைக் குறைங்க" என்று சீட்டெழுதிக் கொடுக்கிறார்கள். மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதற்கு முன், "சாப்பிடும்போது நிறுத்த முடியாமப் போகுதாம்மா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் எதிரே இருப்பவர் பல வருடமாக அந்தக் கேள்விக்குக் காத்திருக்கலாம்.

இனி சிகிச்சை. இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் மனநல மருத்துவர் என்றதும் பலரும் மிரண்டுபோகிறார்கள். இந்த நோய்க்கு நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி, சி.பி.டி. என்ற சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சு சிகிச்சை. ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இதை உணவுக் கோளாறுகளுக்கென்று வடிவமைத்தார். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2017-ல் தந்த வழிகாட்டுதல், முதலில் ஒரு பயிற்றுநரின் துணையோடு நோயாளி தானே செய்யும் பயிற்சி, அது போதவில்லையென்றால் குழுவாகவோ தனியாகவோ சி.பி.டி. என்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்குகிறது வேலை. எப்போது சாப்பிட்டேன், எங்கே, என்ன, அப்போது மனசு எப்படி இருந்தது என்று அவ்வப்போதே எழுத வேண்டும். கலோரி எழுத வேண்டாம். எடை பார்ப்பது வாரத்துக்கு ஒருமுறை போதும். அடுத்தது நேரத்துக்குச் சாப்பாடு: மூன்று வேளையும், இடையில் இரண்டு சிறு தீனியும். எட்டு மணிக்கு இட்லி, பதினொன்றுக்குச் சுண்டலோ மோரோ, ஒன்றரைக்குச் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் டீயோடு வாழைப்பழம், எட்டு மணிக்கு ராத்திரிச் சாப்பாடு. நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. பசிக்கவில்லை என்றாலும் அந்தந்த நேரத்துக்குச் சாப்பிட்டுவிட வேண்டும். நேற்று ராத்திரி மீறிவிட்டேனே, இன்று காலை வேண்டாம் என்று நினைக்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் சுழல் மறுபடி தொடங்குகிறது. அன்றைக்குத்தான் இட்லியைக் கட்டாயம் சாப்பிட வேண்டும். பலருக்கு இது ஒன்றிலேயே இரவுத் தீனி நன்றாகக் குறைந்துவிடும் என்பது சிகிச்சை தருபவர்கள் காணும் அனுபவம்.

சில வாரம் கழித்து நோட்டைப் புரட்டினால் ஒழுங்கு ஒன்று தெரியும். கடன்காரர் போன் வந்த நாள், மாமியாரோடு மனத்தாங்கல், கணவன் கப்பலில் இருக்கும் மாதங்களின் தனிமை. சாப்பாட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும் துக்கம் எது என்று அப்போது பேச முடியும். ஆசை எழும்பினால் அது ஏறி, நின்று, இறங்கும் என்பதையும் பழகுகிறார்கள். அந்த நேரத்தைக் கடத்த மொட்டைமாடியில் நடக்கலாம், குளிக்கலாம், தோழிக்குப் போன் போடலாம். கடைசியில், இத்தனை நாள் விலக்கிவைத்த பண்டங்களைத் திரும்பக் கொண்டுவருவார்கள். இரண்டு மக்ரூனைத் தட்டில் வைத்து, பகலில், நாலு பேரோடு உட்கார்ந்து, ருசித்துச் சாப்பிடுவது. முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் சீனியும் சேர்ந்த அந்தப் பண்டம் எதிரி இல்லை என்று கைக்குத் தெரிய வேண்டும்.

இந்தச் சிகிச்சையின் நோக்கம் எடைக் குறைப்பு அல்ல என்பதை முதல் நாளே சொல்லிவிடுவார்கள். எடையைப் பிறகு பார்க்கலாம். முதலில் மீறல் நிற்கட்டும். மருந்துகளும் உண்டு. மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளை மனநல மருத்துவர் தேவை பார்த்துத் தருவார். 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளைப் பற்றிப் பலரும் விசாரிக்கிறார்கள். அவை இந்த நோய்க்கென்று அங்கீகரிக்கப்பட்டவை அல்ல. தாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வேளை தவறினால் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். ஆகவே இந்தப் பழக்கத்தைச் சர்க்கரை மருத்துவரிடமும் மறைக்காதீர்கள்.

விரதம் பற்றியும் ஒரு வார்த்தை. திருச்செந்தூரில் கந்த சஷ்டிக்கு ஆறு நாள் விரதம், தேவாலயங்களில் தவக்காலம், காயல்பட்டினத்தில் ரமலான் நோன்பு என்று நம் கரையில் விரதம் இல்லாத மதம் இல்லை. நோயாளிக்கு எல்லா மதமும் விலக்குத் தருகிறது. சிகிச்சையில் இருக்கும்போது மருத்துவரிடமும், உங்கள் குருக்களிடமோ பங்குத் தந்தையிடமோ ஆலிமிடமோ கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: டப்பாவைப் பூட்டாதீர்கள், தட்டை எண்ணாதீர்கள். ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட உட்காருங்கள்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்குத் தருவதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயக்கமாக இருந்தால், ஒன்றிய அரசின் டெலிமானஸ் எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்குகிறது. கட்டணமில்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எப்படித் தொடங்குவது என்று தெரியாவிட்டால், "எனக்குச் சாப்பாட்டை நிறுத்த முடியலை" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.