பழைய சொகுசு கார்: விலை பாதி, செலவு முழுசு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் இப்போது புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. "சார், புது கிரெட்டா வாங்குற காசுக்கு ஐந்து வருஷம் ஓடின பென்ஸ் கிடைக்குதாமே, வாங்கலாமா?" லிஃப்டில் கேட்கிறார்கள், வாக்கிங்கில் கேட்கிறார்கள். வங்கியில் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று செயலாளர் சொன்னார். நான் மெக்கானிக் இல்லை. காகிதமும் கணக்கும்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் பழைய கார் வாங்கி அவதிப்படுகிறவர்களில் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இன்ஜினில் அல்ல, காகிதத்திலும் கணக்கிலும்தான்.

ஏன் இவ்வளவு மலிவு?

இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் காரின் மதிப்பைக் கணக்கிட ஒரு தேய்மான அட்டவணை வைத்திருக்கின்றன. முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நான்குக்குள் 40, ஐந்துக்குள் 50 சதவீதம். அதாவது 60 லட்ச ரூபாய் கார் ஐந்தாவது வருடத்தில் ஏட்டில் 30 லட்சம். சந்தையில் சொகுசு கார்கள் இதைவிடவும் வேகமாக இறங்குவது உண்டு. காரணம், வாங்க ஆசைப்படுகிறவர்கள் அதிகம், வைத்துப் பராமரிக்கத் துணிகிறவர்கள் குறைவு.

இங்கேதான் ஒரு விஷயத்தை மனதில் எழுதிக்கொள்ள வேண்டும். காரின் விலை பாதியாகிவிட்டது. ஆனால் அதன் பிரேக் பேடு, ஹெட்லைட், ஏர் சஸ்பென்ஷன் இவற்றின் விலை பாதியாகவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் அது இன்றைக்கும் 60 லட்ச ரூபாய் கார்தான். யானை வாங்கக் காசு இருக்கலாம். யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பதுதான் கேள்வி.

முதலில் வட்டிக் கணக்கு

கார் விலை 25 லட்சம், கையில் 5 லட்சம், கடன் 20 லட்சம், ஐந்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். குறையும் நிலுவையின் மீது 12 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 44,490 ரூபாய். மொத்த வட்டி ஏறக்குறைய 6.7 லட்சம்.

இதே 12 சதவீதத்தை ஒருவர் "ஃபிளாட் ரேட்" என்று சொன்னால் உஷாராகுங்கள். அப்போது வட்டி 12 லட்சம், தவணை 53,333 ரூபாய். குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் அது சுமார் 20 சதவீத வட்டி. ஒரே 12தான், ஆனால் ஐந்து லட்சத்துக்கு மேல் வித்தியாசம். ஆகவே கடன் கொடுப்பவரிடம் வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். மாதத் தவணை எவ்வளவு, எத்தனை மாதம், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பழைய காருக்கான வட்டி பொதுவாகப் புதிய காரைவிட அதிகம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஓய்வு பெற்ற நண்பர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீதம் என்று வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கைக்கு வரும். அந்த 30 லட்சத்தை எடுத்துக் கார் வாங்கினால், கார் மட்டுமல்ல, இந்த 61,500ம் போகிறது. அதற்கு மேல் இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸ். பென்ஷன் வராத குடும்பமாக இருந்தால் இது மருந்துச் செலவுக்கான பணம். வீட்டம்மாவோடு உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகும் மனம் சரி என்றால் தாராளமாக மேலே போகலாம். பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள் என்றாலும், ஓடுகிற செலவு யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

என் சொந்த வழக்கம் ஒன்று: கார் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டுத்தான் வாங்கச் சொல்வேன். முதல் வருடத்தில் வருகிற எதிர்பாராத ரிப்பேருக்கு அது. அந்தப் பத்தில் ஒரு பங்கு கையில் இல்லையென்றால் அந்தக் கார் நமக்கானது அல்ல.

காகிதங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது உரிமையாளர் பெயர் அல்ல, ஹைபாதிகேஷன் வரி. அங்கே ஒரு வங்கி அல்லது ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால், கடன் இன்னும் ஆர்.சி.யில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். "கடனை அடைச்சாச்சு சார், பேர் எடுக்கத்தான் பாக்கி" என்பார்கள். இருக்கலாம். ஆனால் அடைத்ததற்கு வங்கி தரும் என்.ஓ.சி.யும், இரு தரப்பும் கையெழுத்திட்ட படிவம் 35ம் உங்கள் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் தராதீர்கள்.

கடன் பாக்கி இருந்தால் அதற்கும் ஒழுங்கான வழி உண்டு. விற்பவரை அழைத்துக்கொண்டு அவருடைய வங்கிக்கே போங்கள். இன்ன தேதியில் இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று கடிதம் தருவார்கள். அந்தத் தொகையை நேராகக் கடன் கணக்கிலேயே செலுத்துங்கள். மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள். நான் வேலை பார்த்த கிளையில், காரை வாங்கி ஒன்றரை வருடம் ஓட்டியவர் ஒருவர் கவுண்டரில் வந்து நின்றார். விற்றவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு தவணை கட்டாமல் விட்டுவிட்டார். பறிமுதல் நோட்டீஸ் வந்த பிறகுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது. அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் ஆர்.சி.யில் இருந்த வரியை யாராலும் மறுக்க முடியவில்லை. காரைக் காப்பாற்ற மீதிக் கடனையும் அவரே கட்டினார்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கித் தருகிறேன், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிற புரோக்கரிடம் ஒதுங்கியே இருங்கள். இது விற்பவர்களுக்கும் பொருந்தும். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய காரை விற்ற நம் குடியிருப்புக்காரர்கள் யாராவது பெயர் மாறியதா என்று பார்க்காமல் இருந்தால், இன்றே பரிவாஹன் இணையதளத்தில் பாருங்கள். கட்டாத இ-சலான் அபராதங்களும் அங்கேயே தெரியும்.

சொகுசு கார்கள் பல, கம்பெனி பெயரில் பதிவானவை. அப்படி இருந்தால் கம்பெனியின் போர்டு தீர்மானம், கையெழுத்திடும் அதிகாரக் கடிதம், விற்பனை இன்வாய்ஸ் மூன்றும் வேண்டும். டீலரிடம் வாங்கினால், அவருடைய லாப வித்தியாசத்தின் மீதுதான் 18 சதவீத ஜி.எஸ்.டி.; கார் விலை முழுவதற்கும் அல்ல. பணத்தை வங்கி மூலமே கொடுங்கள். இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கியவருக்கு அதே தொகை அபராதமாக வரும்.

வெளிமாநில வண்டி

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் கடந்த டீசல் கார்களுக்குத் தடை வந்து, அதை 2018இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்த பிறகு, அங்கிருந்து மலிவாகப் பெரிய டீசல் கார்கள் தெற்கே வரத் தொடங்கின. புதுச்சேரி எண் கொண்ட கார்களையும் நாம் நிறையப் பார்க்கிறோம். வேறு மாநில எண்ணோடு இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு எண் வாங்க வேண்டும் என்பது சட்டம். அதற்கு அங்கிருந்து என்.ஓ.சி., இங்கே மறுபடியும் வரி. புதிய காருக்கு 20 லட்சத்துக்கு மேல் போனால் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 20 சதவீதம் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும், ஆனாலும் சின்னத் தொகை அல்ல. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டு, அதையும் சேர்த்தே விலையை ஒப்பிடுங்கள்.

இன்ஷூரன்ஸ் சொல்லும் கதை

விற்பவரிடம் நடப்பு பாலிசியைக் கேளுங்கள். அதில் நோ கிளெய்ம் போனஸ் என்று ஒரு வரி இருக்கும். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். நான்கு வருடம் ஓடிய கார், பாலிசியில் போனஸ் சுழியம் என்றால், கிளெய்ம் நடந்திருக்கிறது அல்லது பாலிசி விட்டுப்போயிருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

அந்த போனஸ் விற்பவருக்குச் சொந்தம். காரோடு உங்களுக்கு வராது. வாங்கிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, வித்தியாசப் பிரீமியத்தைக் கட்டுங்கள். மாற்றாமல் விட்டு வண்டி மோதிவிட்டால், உங்கள் கார் சேதத்துக்குக் கம்பெனி கையை விரித்துவிடும். தேய்மானம் பிடிக்காத ஜீரோ டெப் பாலிசி அந்தக் காரின் வயதுக்குக் கிடைக்குமா என்பதையும் முன்பே கேளுங்கள். ஐந்து வருடம் தாண்டிய கார்களுக்குப் பல கம்பெனிகள் தயங்கும்.

காரைப் பார்க்கும்போது

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை பேஸ்மென்ட் மூழ்கியது என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தண்ணீரில் நின்ற கார்களைச் சுத்தம் செய்து, வேறு ஊரில் விற்பது நடக்கிறது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை இருக்கிறதா என்று. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், விளக்குக்குள் பனி படிந்த மாதிரி ஈரம், ஏ.சி. போட்டதும் பூஞ்சை வாடை, இவற்றில் ஒன்று இருந்தாலும் யோசிக்க வேண்டும். இந்தக் கார்களில் கம்ப்யூட்டர் பெட்டிகள் சில, சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் இருக்கும். இன்று ஓடும், ஆறு மாதம் கழித்து மக்கர் செய்யும்.

சர்வீஸ் ஹிஸ்டரியை விற்பவரையே அழைத்துக்கொண்டு போய் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் ஓடிய கிலோமீட்டர் எழுதியிருக்கும். மீட்டர் திருத்தப்பட்டிருந்தால் அங்கே பிடிபடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரத் தயாரிப்பு. பி.எம்.டபிள்யூ. கார்கள் பலவற்றில் ரன்-ஃபிளாட் டயர். சாதாரண டயரைவிட விலை கூடுதல், ஸ்டெப்னியும் இருக்காது. ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் ஓர் இரவு நிறுத்திவைத்து, காலையில் ஏதாவது ஒரு மூலை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். கியர் மாறும்போது உதைத்தால் விட்டுவிடுங்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ரிப்பேர் லட்சங்களில் போகும். கடைசியாக, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கைக் கட்டணம் கொடுத்து அழைத்துப்போய், ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். சில ஆயிரம் செலவு. விற்பவர் மறுத்தால் அதுவே பதில்.

டீசல் காரா, பெட்ரோல் காரா? கோயில், காய்கறிக் கடை, பேரன் பள்ளிக்கூடம் என்று நான்கு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு நவீன டீசல் சரிப்படாது. புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர், வண்டி நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடினால்தான் சுத்தமாகும். இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும்.

நம் பார்க்கிங்

நம் பார்க்கிங் இடம் ஒவ்வொன்றும் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். பென்ஸ் எஸ்-கிளாஸ் 5 மீட்டருக்கு மேல். முன்பணம் கொடுப்பதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள். வால் நீட்டிக்கொண்டு நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் சங்கத்துக்குத்தான் கடிதம் எழுதுவார். ரேம்ப்பில் அடி தட்டுகிறதா என்று டெஸ்ட் டிரைவிலேயே இங்கே கொண்டுவந்து இறக்கிப் பாருங்கள். பேஸ்மென்ட்டில் இடம் உள்ளவர்கள் கனமழை எச்சரிக்கை வந்தால் காரை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள், இன்ஜினே போய்விடும்.

வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கார்கள், பாதுகாப்பானவை, நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காது. கம்பெனிகளே பரிசோதித்து வாரண்டியோடு விற்கும் பழைய கார்களும் உண்டு. விலை கொஞ்சம் கூடுதல். நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கூடுதல் தகும். அவசரம் மட்டும் கூடாது. "நாளைக்கு வேறு பார்ட்டி வருது" என்று சொன்னால், அந்தப் பார்ட்டியே வாங்கட்டும் என்று விட்டுவிடுங்கள். இந்தக் கார்களுக்கு நாட்டில் பஞ்சம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் இருப்பேன். யாராவது கார் பார்த்திருந்தால் ஆர்.சி., பாலிசி, கடன் கடிதம் நகல்களைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படித்துப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் வந்தால் உபயோகமாக இருக்கும்.