சான்றிதழுக்கு உள்ளே என்ன இருக்கிறது?

(திருப்பத்தூரில் கணினித் துறை மாணவர்கள், இளம் மென்பொருளாளர்கள், இ-சேவை மைய நடத்துநர்கள் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று காலை டீ குடித்துவிட்டு போனில் காசு அனுப்பியவர்கள் கை தூக்குங்கள். கிட்டத்தட்ட எல்லோரும் தூக்குகிறீர்கள். அப்படியானால் நீங்கள் எல்லோருமே எக்ஸ்எம்எல் பயன்படுத்திவிட்டுத்தான் இந்த அரங்குக்குள் வந்திருக்கிறீர்கள். யுபிஐ-இல் உங்கள் வங்கிக்கும் என்பிசிஐ-க்கும் டீக்கடைக்காரருடைய வங்கிக்கும் இடையில் போய் வருகிற செய்திகள் எக்ஸ்எம்எல் வடிவத்தில்தான் எழுதப்படுகின்றன. 'ரெக்பே' என்று ஒரு செய்தி போகும், 'ரெஸ்ப்பே' என்று பதில் வரும். டீ ஆறுவதற்குள் இதெல்லாம் முடிந்துவிடும். 2016 ஏப்ரலில் யுபிஐ தொடங்கியதிலிருந்து இதுதான் நடக்கிறது.

வெப் சர்வீஸ் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறோம். ஒரு அலுவலகக் கம்ப்யூட்டர் இன்னொரு அலுவலகக் கம்ப்யூட்டரிடம் கேள்வி கேட்டுப் பதில் வாங்குகிற ஏற்பாடு, அவ்வளவுதான். முன்பு தாலுகா ஆபீசிலிருந்து தபால் போகும், விஏஓ அறிக்கை எழுதுவார், ஆர்ஐ பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே படிவம் தெரிந்திருந்தது. அதனால் அந்தத் தபால் வேலை செய்தது. எக்ஸ்எம்எல் என்பது அந்தப் படிவம். ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் ஒரு பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுகிறோம்:

<பெயர்>ஈஸ்வரி</பெயர்>
<ஊர்>புதூர்நாடு</ஊர்>

கோணக் குறிக்குள் இருப்பது சீட்டு. நடுவில் இருப்பது விவரம். சீட்டின் பெயரை இப்படித் தமிழிலேயே வைக்கலாம் என்பது கணினி படித்த பலருக்கே தெரியாது. 1998 பிப்ரவரி 10 அன்று டபிள்யூ3சி அமைப்பு எக்ஸ்எம்எல்-இன் முதல் பதிப்பை வெளியிட்டபோதே, உலக மொழிகளுக்கெல்லாம் இடம் தருகிற யூனிகோடு அடிப்படையில்தான் அதை அமைத்தார்கள்.

சரி, இதை மாநாட்டு மேடைகளில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? பேசுகிறவர் முதல் பத்து நிமிஷத்தில் சோப், டபிள்யூஎஸ்டிஎல், ரெஸ்ட், ஜேசான் என்று சுருக்கெழுத்துகளை அடுக்கிவிடுவார். பிறகு ஒரு புத்தகக் கடைப் பட்டியலை உதாரணம் காட்டுவார். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், விலை. எல்லாம் தவறில்லாமல் ஓடும். கைதட்டுவார்கள், மதியச் சாப்பாட்டுக்குப் போவார்கள். அந்தப் புத்தகக் கடையில் இனிஷியல் கிடையாது, வட ஆற்காடு கிடையாது, சிக்னல் போகாது. என் ஒரே கோரிக்கை, நம்மூர்ச் சான்றிதழை வைத்துப் பாடம் நடத்துங்கள் என்பதுதான். ஒரு ஏழைப் பெண்ணின் சாதிச் சான்றிதழை ஒழுங்காக அனுப்பத் தெரிந்தவருக்கு உலகத்தில் எந்த வெப் சர்வீஸும் எழுத வரும்.

மாநாட்டுப் பேச்சை நான் லேசாக நினைக்கவில்லை. தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்ததில் மாநாடுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய தமிழ்நெட் 97, அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99. இன்று பலர் தட்டுகிற தமிழ்99 விசைப்பலகை அந்தச் சென்னைக் கூட்டத்தில் பேசிப் பேசி உருவானது. அதுவரை ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியீடு. ஒருத்தர் தட்டியது இன்னொருத்தர் கணினியில் புரியாத கோலமாகத் தெரியும். பிறகு 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டு நேரத்தில், தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. கூடவே டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றது.

ஆனால் ஆணை வந்த அன்றே பழைய கோப்புகள் மாறிவிடுமா? ஈஸ்வரி என்ற பெயருக்கே திரும்புவோம். பாமினி எழுத்துருவில் 'ஈ' என்று தெரிய வேண்டுமானால், கணக்கில் 'இதைவிடச் சிறியது' என்று போடுவோமே, அந்தக் கோணக் குறியைத் தட்ட வேண்டும். திரையில் அழகாக 'ஈ' என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது என்னவோ கோணக் குறிதான். அந்தப் பழைய கோப்பை அப்படியே எக்ஸ்எம்எல்-இல் கொட்டினால் என்ன ஆகும்? கோணக் குறியைப் பார்த்ததும் எக்ஸ்எம்எல் புதிதாக ஒரு சீட்டு தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்ளும். மூடுகிற குறியைத் தேடும், கிடைக்காது, முழுக் கடிதத்தையும் தள்ளிவிடும். கவுன்ட்டரில் நிற்கிற அம்மாவுக்கு 'சர்வர் எரர்' என்று பதில் வரும். அதே வரிசையில் நிற்கிற லட்சுமிக்கும் முருகனுக்கும் வேலை முடிந்துவிடும். பெயர் 'ஈ'-யில் தொடங்கியது ஒன்றுதான் இவர் செய்த குற்றம்! யூனிகோடுக்கு மாற்றிவிட்டு அனுப்ப வேண்டும், உள்ளே வருகிற கோணக் குறிகளை அதற்குரிய மாற்றுக் குறியீட்டில் எழுத வேண்டும். பாடப் புத்தகத்தில் இது ஒரு வரி. ஈஸ்வரியை வைத்துச் சொன்னால் மாணவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

அடுத்து இனிஷியல். நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும், கல்யாணத்துக்குப் பிறகு சிலருக்கு அது கணவர் பெயரின் எழுத்தாக மாறும். வெளியூரில் தயாராகிற மென்பொருளில் 'முதல் பெயர், கடைசிப் பெயர்' என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயர் கட்டத்தில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். ஆகவே பானில் அப்பா பெயர் முழுசாக, பள்ளிச் சான்றிதழில் இனிஷியலாக, ரேஷன் கார்டில் இன்னொரு மாதிரி. மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிற நிரல் மூன்று பேர் என்றுதான் முடிவு கட்டும். ஆதாரை வடிவமைத்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறார்கள். பெயருக்கு ஒரே கட்டம். சரிபார்க்கக் கேட்கும்போது முழுப் பொருத்தம் வேண்டுமா, பகுதிப் பொருத்தம் போதுமா என்று கேட்பவரே எக்ஸ்எம்எல்-இல் குறிப்பிடவும், வட்டார மொழியில் பெயரைக் கொடுக்கவும் வழி வைத்தார்கள். வசதி இருக்கிறது என்று தெரியாமலேயே எப்போதும் முழுப் பொருத்தம் கேட்டு நிரல் எழுதிவிட்டால், அலைச்சல் யாருக்கு?

இப்போது நம் மலைக்கு வருகிறேன். ஜவ்வாது மலையில் திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு. அந்தப் பக்கம் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். மலை ஒன்று, மக்கள் ஒன்று, மாவட்டம் வேறு வேறு. இங்கே வாழ்கிற பழங்குடியினர் பட்டியலில் 'மலையாளி' என்ற பெயரில் இருக்கிறார்கள். கேரளக்காரர்கள் என்று வெளியூர்க்காரர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. இவர்கள் மலைமேல் வாழும் தமிழ் பேசுகிற மக்கள். பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்திலேயே அடைப்புக்குள் மாவட்டங்களும் எழுதப்பட்டிருக்கின்றன: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி.

திருப்பத்தூர் அதில் இல்லை. எப்படி இருக்கும்? அந்தப் பட்டியல் 1976-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் வந்தது. 1989-இல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு பாதிதான் பிறகு வேலூர் மாவட்டம். 2019 நவம்பர் 28 அன்று அந்த வேலூரிலிருந்து திருப்பத்தூர் தனி மாவட்டமானது. சான்றிதழ் கொடுக்கிற சார் ஆட்சியருக்கோ கோட்டாட்சியருக்கோ இந்த வரலாறு தெரியும், அவர் பார்த்து முடிவு செய்துவிடுவார். நிரலுக்குத் தெரியுமா? பெங்களூரிலோ டெல்லியிலோ உட்கார்ந்து உதவித்தொகைத் தளம் எழுதுகிற ஒரு பையன், பட்டியலில் இருக்கிற மாவட்டப் பெயரையும் விண்ணப்பத்தில் இருக்கிற மாவட்டப் பெயரையும் நேரடியாக ஒப்பிட்டு ஒரு 'இஃப்' போட்டுவிட்டால், நெல்லிவாசலிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் தலைமுறைப் பிள்ளைக்கு 'தகுதி இல்லை' என்று வரும். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. மாவட்டங்களுக்குப் பிறந்த தேதி உண்டு என்று அவனுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை.

எக்ஸ்எம்எல்-இல் இதற்குக் கஷ்டப்படவே வேண்டாம். இன்றைய மாவட்டத்துக்கு ஒரு சீட்டு, பட்டியல் சொல்கிற மாவட்டத்துக்கு இன்னொரு சீட்டு, எந்தத் தேதியிலிருந்து எது செல்லும் என்று ஒரு குறிப்பு. ஊரின் பெயரை மட்டும் நம்பாமல் எண்ணையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கிராமத்துக்கும் மத்தியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவில் ஒரு எண் இருக்கிறது. தமிழ்நாட்டில் 'திருப்பத்தூர்' என்ற பெயரில் எத்தனை ஊர் என்று தேடிப் பாருங்கள், எண் எதற்கு என்று தானாகப் புரியும். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் போக வேண்டிய கடிதம் இங்கே வந்தால் என்ன செய்வது?

மலையில் இன்னொரு பிரச்சினை சிக்னல். வளைவு திரும்பினால் டவர் போய்விடும். விண்ணப்பம் போனதா இல்லையா என்று தெரியாமல் மறுபடி பட்டனை அழுத்துவார்கள். நிரல் சரியில்லையென்றால் இரண்டு விண்ணப்பம், இரண்டு கட்டணம். யுபிஐ-இல் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனி எண் உண்டு. அந்த எண்ணை வைத்து 'முன்பு அனுப்பியது என்ன ஆச்சு?' என்று கேட்பதற்கென்றே ஒரு செய்தியும் இருக்கிறது. அதே பழக்கம் எல்லாச் சேவைக்கும் வர வேண்டும். நிரலைச் சோதிக்கிறவர்கள் ஏசி அறையில் சோதிக்காமல், புதூர்நாடு பஸ்ஸில் ஏறி, போகிற வழியில் சோதித்துப் பார்க்கலாம். டிக்கெட் காசு அதிகமில்லை.

விவரத்துக்குப் பொருளை ஒட்டி அனுப்புவதில் நமக்கு முன்னோடிகள் வானியலாளர்கள். இதே மலையில், ஆலங்காயத்தைத் தாண்டி, காவலூர் வானோக்ககம் இருக்கிறது. 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் அங்கே வேலை செய்கிறது. உலக வானோக்ககங்கள் எடுக்கிற அளவுகளை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ள, 2002-இல் 'விஓடேபிள்' என்ற எக்ஸ்எம்எல் படிவம் வந்தது. அதில் வெறும் எண்ணை அனுப்ப மாட்டார்கள். இந்த எண் எந்த அளவு, எந்த அலகு என்று ஒவ்வொரு பத்திக்கும் சீட்டு உண்டு. அந்தப் படிவத்தைப் படித்து வரைபடம் போடுகிற 'விஓபிளாட்' என்ற மென்பொருளைச் செய்தது புனேயில் இருக்கிற ஐயுகா நிறுவனமும் பெர்சிஸ்டென்ட் நிறுவனமும் சேர்ந்து. ஒரு நட்சத்திரத்தின் ஒளி அளவுக்கு இத்தனை சீட்டு ஒட்டுகிறார்கள். வருமானச் சான்றிதழில் 72,000 என்று மட்டும் அனுப்பினால் அது மாசமா, வருஷமா?

'இப்போது எல்லாம் ஜேசான்தானே சார், எக்ஸ்எம்எல் பழசு இல்லையா?' என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்க நினைப்பது முகத்தில் தெரிகிறது. புதிய சேவைகள் பலவற்றில் ஜேசான்தான், நானே அதைத்தான் விரும்புவேன். ஆனால் கையொப்பமிட்டு வருஷக்கணக்கில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்களில் எக்ஸ்எம்எல் இன்னும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. ஆதாரின் ஆஃப்லைன் இ-கேஒய்சி ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு. ஜிப் செய்து, நீங்கள் வைக்கிற நாலெழுத்துக் குறியீட்டால் பூட்டித் தருகிறார்கள். உள்ளே பெயர், முகவரி, பிறந்த தேதி, போட்டோ, ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் இருக்கும். முழு ஆதார் எண் இருக்காது. ஒரு எழுத்தை யாராவது மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக் கண்ட இடத்தில் கொடுப்பதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.

டிஜிலாக்கரிலும் இதே கதைதான். 2015 ஜூலையில் தொடங்கியது. அதில் 'வழங்கப்பட்ட ஆவணங்கள்' பகுதியில் இருப்பது துறையிடமிருந்தே நேராக வந்தது, அதற்கு அசலுக்குச் சமமான சட்ட மதிப்பு உண்டு. நீங்கள் போட்டோ எடுத்து 'டிரைவ்' பகுதியில் ஏற்றியது வெறும் படம். இரண்டும் ஒரே ஆப்பில் இருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். இ-சேவை மைய நண்பர்களே, கவுன்ட்டருக்கு வருகிறவர்களிடம் இந்த ஒரு வித்தியாசத்தை மட்டுமாவது சொல்லுங்கள். அப்படியே கேன் நம்பர் பதியும்போது பெயரையும் இனிஷியலையும் ஆதாரோடு ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டிச் சரிபாருங்கள். இங்கே விழுகிற பிழை அடுத்த பத்துச் சேவைக்கும் கூடவே போகும்.

சாப்பாட்டுக்குப் பிறகு செய்முறை. ஒவ்வொருவரும் உங்கள் ஆதார் ஆஃப்லைன் கோப்பை உங்கள் போனிலேயே இறக்கித் திறந்து பாருங்கள், பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்ப வேண்டாம். அடுத்து இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு சாதிச் சான்றிதழுக்கான எக்ஸ்எம்எல் படிவம் எழுதப் போகிறோம். சோதனைக்கு நான் மூன்று கற்பனைப் பெயர்களைத் தருவேன்: 'ஈ'-யில் தொடங்குகிற ஒரு பெயர், இனிஷியல் மாறிய ஒரு பெயர், நெல்லிவாசல் முகவரியோடு ஒரு பெயர். மூன்றும் தடையில்லாமல் போகிற படிவம் யாருடையதோ அவர்தான் நாலு மணிக்கு இந்த மைக்கைப் பிடித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சார்ஜ் குறைவாக இருப்பவர்கள் வலது பக்கச் சுவரோரம் உட்காருங்கள், பிளக் பாயிண்ட் அங்கேதான் இருக்கிறது.