திரையின் பெயரும் திரையின் அளவும்



இராசபாளையத்து நூற்பாலைத் தொழிலாளியிடம் 'நாற்பதாம் எண் நூல்' என்றால் என்னவென்று வினவுக. தயங்காமல் விடை வரும். 840 கசம் நீளமுள்ள நூல் ஒரு சிட்டம். அத்தகைய நாற்பது சிட்டங்கள் ஒரு பவுண்டு நின்றால் அது நாற்பதாம் எண். எண் ஏற ஏற இழை மெலியும். ஐயம் எழுந்தால் நிறுத்துப் பார்க்கலாம், பொய்யுரைக்க வழியில்லை. அண்டை ஊராகிய திருவில்லிபுத்தூரின் பாற்கோவாவும் அத்தகையதே. 2019-இல் புவிசார் குறியீடு பெற்றபின், வேற்றூரில் கிண்டிய பொருளுக்கு அப்பெயரைச் சூட்டுதல் சட்டப்படி தவறு. ஆங்கே எண்ணுக்கு அளவு உண்டு. ஈங்கே பெயருக்குப் பொறுப்பு உண்டு.

ஆயின், அதே தொழிலாளி வருந்தி ஈட்டிய ஊதியத்தைத் தவணைக்கு ஈடாக்கித் திறன்பேசி வாங்கச் செல்கையில் நிகழ்வது என்ன? 'ரெட்டினா', 'சூப்பர் அமோலெடு', 'எச்டி பிளசு', '120 எர்ட்சு' என்று விளம்பரப் பலகை முழங்குகிறது. நூலெண்ணைத் துருவிக் கேட்ட வாய் இங்கே அடைத்துப் போகிறது. அஃது அறிவின் குறையன்று. பொருள் விளங்காச் சொல்லின் முன் அறிவு திகைத்து நிற்கும் நிலை. அச்சொற்களை ஒவ்வொன்றாய்த் திறந்து பார்ப்போம்.

ரெட்டினா என்பது விழித்திரை. 2010-இல் ஐபோன் 4 என்னும் பேசியின் திரைக்கு ஆப்பிள் நிறுவனம் இப்பெயரைச் சூட்டியது. அதில் அங்குலத்திற்கு 326 படப்புள்ளிகள். நலமுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு கூற்றைப் பிரித்தறியும். 30 செண்டிமீட்டர்த் தொலைவில் அஃது ஏறத்தாழ 0.087 மில்லிமீட்டர். எனவே அங்குலத்திற்கு முந்நூறு புள்ளிகளை நெருங்கினாலே கண்ணுக்குப் புள்ளி தெரியாது. கணக்கில் உண்மை உண்டு. பெயரிலோ அக்கணக்கு இல்லை. 'விழித்திரை' என்று தமிழிற் சொல்லியிருந்தால், 'அது கண்ணுக்குள் அன்றோ உள்ளது!' என்று குழந்தையும் கேட்டிருக்கும். அக்கேள்வியே அறிவின் வாயில்.

'எச்டி' என்றால் உயர்தெளிவு. எதனினும் உயர்வு? 6.5 அங்குலத் திரையில் 1600-க்கு 720 புள்ளிகள் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பின், இரண்டையும் தனித்தனியே தம்மால் பெருக்கிக் கூட்டி வர்க்கமூலம் காண்க; ஏறத்தாழ 1754 வரும். அதனை 6.5-ஆல் வகுத்தால் 270. 2010-இன் பேசியே 326 கொண்டிருந்தது! அப்பேசி தீதென்பதன்று, குறைந்த விலைக்கு அது போதியதாகலாம். ஆயின் 'உயர்' என்னும் அடைமொழிக்காக ஒரு காசும் மிகுத்துக் கொடுக்க வேண்டுவதில்லை.

அமோலெடு வகைத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கருமை காட்ட வேண்டிய இடத்தில் அணைந்துவிடும். இது மெய்யான சிறப்பு. ஆயின் இவ்வகையிற் பல திரைகளில், புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உட்புள்ளிகள் இல்லை, இரண்டே உள்ளன. பெட்டியின் எண் அதைச் சொல்லாது. 'உச்ச ஒளிர்வு' என்று பறைசாற்றும் பேரெண்ணோ, பெரும்பாலும் திரையின் சிறு பகுதியில் சிறிது நேரமே கிட்டுவது. உச்சிவெயிலில் திருவில்லிபுத்தூர்த் தேர்வீதியில் நின்று படிப்பவருக்கு வேண்டியது முழுத்திரையின் ஒளிர்வு. 120 எர்ட்சு என்பது நொடிக்கு 120 முறை திரையைப் புதுக்குதல். விரலால் தள்ளும்போது எழுத்து வழுக்கிச் செல்லும். மின்கலமும் விரைந்து கரையும்.

ஆதலின், கடையில் நான்கே கேள்விகள் போதும். அங்குலத்திற்கு எத்தனை புள்ளி? புள்ளிக்கு எத்தனை உட்புள்ளி? முழுத்திரையில் ஒளிர்வு எவ்வளவு? நொடிக்கு எத்தனை முறை புதுக்கல்? நான்கும் தமிழிலேயே கேட்கத் தக்கவை. விடையிறுக்க இயலாத விற்பனையாளர் பெயரையே விற்கிறார், பொருளை அன்று.

சிட்டத்தால் நூலை அளந்த மக்களுக்குப் புள்ளியால் திரையை அளத்தல் அரிதன்று. சொல்லைத் தமிழில் திறப்போம், அளவை அறிவோம், அதன்பின் பணப்பையைத் திறப்போம்!